தைத்த கைகளின் பெயர் என்ன?

முன்னுரை

எங்கள் பள்ளிச் சிற்றாலயத்தில் ஒரு பழைய பீட விரிப்பு உண்டு. ஆண்டுக்கு இரண்டே முறை, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும், அதைப் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். வெள்ளைத் துணியின் ஓரம் முழுவதும் திராட்சைக் கொடி ஓடும். கொடியின் இடையிடையே கோதுமைக் கதிர்கள் தலைசாய்த்து நிற்கும். அத்தனையும் கையால் போட்ட பூத்தையல். இவ்வாண்டு உயிர்ப்பு விழாவுக்கு முன்னர் அதற்கு இஸ்திரி போடும் பேறு பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குக் கிடைத்தது. மெல்லத் திருப்பிப் பார்த்தோம். முன்பக்கத்தைப் போலவே பின்பக்கமும் முடிச்சுத் தெரியாமல், நூல் தொங்காமல், அவ்வளவு சுத்தமாக இருந்தது. எங்கள் தையலின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்பது எங்களுக்கும் எங்கள் தையல் வகுப்புச் சகோதரிக்கும் மட்டுமே தெரிந்த இரகசியம்!

"இதைத் தைத்தது யார் சிஸ்டர்?" என்று கேட்டோம்.

"பழைய மாணவிகள்தான் பிள்ளைகளே. நான் இந்தப் பள்ளிக்கு வருமுன்பே இது இருந்தது. பெயர் தெரியாதே" என்றார்.

அந்த விடை எங்கள் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. அச்சமயம் வரலாற்று வகுப்பில் தொழிற்புரட்சி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. அதன் தொடர்பாக நூலகத்தில் சில நூல்களைப் புரட்டியபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதே கேள்வியைக் கேட்டவர்கள் சிலர் இருந்தனர் என்று அறிந்தோம். அழகான பொருளைச் செய்தவர் யார்? அவர் மகிழ்ந்து செய்தாரா? அவர் பெயர் எங்கே? இக்கேள்விகளை அவர்கள் எப்படிக் கேட்டனர், எந்த அளவுக்கு விடை கண்டனர் என்பதைப் பற்றி நாம் இக்கட்டுரையில் காண்போம்.

பளிங்கு மாளிகை

1851-ஆம் ஆண்டு மே முதல் நாள் இலண்டன் நகரின் ஹைடு பூங்காவில் மாபெரும் கண்காட்சி ஒன்று திறக்கப்பட்டது. ஜோசப் பாக்ஸ்டன் என்பவர் இரும்பாலும் கண்ணாடியாலும் அமைத்த கட்டடத்தில் அது நடைபெற்றது. மக்கள் அதனைப் பளிங்கு மாளிகை என்று அழைத்தனர். ஐந்தரை மாதங்களில் ஏறத்தாழ அறுபது இலட்சம் பேர் அதைக் கண்டு சென்றனர். நீராவியால் இயங்கும் இயந்திரங்களும் அவற்றால் செய்த பொருள்களும் அங்கே மலைபோல் குவிந்திருந்தன.

இயந்திரம் வந்த பின்னர் அலங்காரம் மலிவாகிவிட்டது. முன்பு ஒரு தச்சர் பல நாள் உட்கார்ந்து செதுக்க வேண்டிய பூவை அச்சில் வார்த்து ஒட்டிவிடலாம். ஆகவே எல்லாப் பொருளின் மேலும் பூக்களும் கனிகளும் சுருள்களும் அப்பிக் கிடந்தன. இரும்பு மரம்போல் வேடமிட்டது. காகிதம் பட்டுப்போல் நடித்தது. தரை விரிப்பில் வரைந்த ரோஜாக்கள் நிழலோடு புடைத்து நின்றன. அவற்றின்மேல் காலை வைத்து நடப்பது எப்படி?

அக்கண்காட்சியில் நம் இந்திய நாட்டுத் துணிகளும் வைக்கப்பட்டிருந்தன. ஓவன் ஜோன்ஸ் போன்ற வடிவமைப்பாளர்கள் அவற்றைக் கண்டு வியந்தனர். துணி தட்டையானது, ஆகவே அதில் போடும் பூவும் தட்டையாகவே இருக்க வேண்டும் என்பதை நம் நெசவாளரும் சாயக்காரரும் அறிந்திருந்தனர். ஜோன்ஸ் 1856-இல் வெளியிட்ட அலங்கார இலக்கணம் பற்றிய புகழ்பெற்ற நூலில் இந்தியக் கலைக்கும் இடம் தந்தார். ஆனால் அத்துணிகளை நெய்தவர் பெயர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கண்காட்சிக்கு அடுத்த ஆண்டு, 1852-இல், இலண்டனில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. ஹென்றி கோல் என்பவர் அதன் தலைவர். நல்ல பொருள்களோடு, எப்படிச் செய்யக் கூடாது என்று காட்டுவதற்காகத் தவறான அலங்காரங்களையும் ஓர் அறையில் வைத்தார். அவ்வறைக்கு மக்கள் வேடிக்கையாகப் 'பயங்கர அறை' என்று பெயர் சூட்டினர். தத்தம் வீட்டில் இருப்பது போன்ற தரைவிரிப்பை அங்கே கண்டு பலர் வெட்கமுற்றிருப்பர்! அந்த அருங்காட்சியகமே பின்னர் வளர்ந்து இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என வழங்குகிறது.

கோயில் கலைஞர் பியூஜின்

இந்தப் போலி அலங்காரத்தை முதலில் எதிர்த்தவர்களுள் ஒருவர் கத்தோலிக்கராகிய அகஸ்டஸ் பியூஜின். 1812-இல் இலண்டனில் பிறந்த இவர், 1835-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். இலண்டனில் பாராளுமன்றக் கட்டடம் 1834-இல் தீக்கிரையானதும், புதிய கட்டடத்தை எழுப்பும் பொறுப்பு சார்லஸ் பாரி என்பவருக்குக் கிடைத்தது. அதன் உள் அலங்காரம் முழுவதையும் வரைந்து தந்தவர் பியூஜினே. தரை ஓடு, சுவர்த்தாள், நாற்காலி, மைக்கூடு வரை அவர் கைபடாத பொருள் இல்லை எனலாம். குருக்களின் திருவுடைகளையும் திருப்பலிக் கிண்ணங்களையும்கூட அவர் வடிவமைத்தார்.

அலங்காரம் என்பது பொருளின் அமைப்பை அழகுபடுத்த வேண்டும். அமைப்பை மறைத்துப் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை. பண்டைய பேராலயங்களைக் கட்டியோர் விசுவாசத்தோடு உழைத்தனர், அதனாலேயே அவை அழகாயின என்று அவர் நம்பினார். ஓய்வின்றி உழைத்த பியூஜின் உடலும் மனமும் தளர்ந்து 1852-இல் தம் நாற்பதாம் வயதில் காலமானார்.

ரஸ்கினும் கண்ணாடி மணிகளும்

அடுத்து வந்தவர் ஜான் ரஸ்கின். காந்தியடிகள் 1904-இல் தென்னாப்பிரிக்காவில் இரயில் பயணத்தின்போது இவர் எழுதிய நூல் ஒன்றைப் படித்துத் தம் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார் என்பதை நாம் அறிவோம். அதே ரஸ்கின் 1853-இல் வெனிஸ் நகரக் கட்டடங்களைப் பற்றிய தம் நூலின் இரண்டாம் பகுதியில் ஓர் அரிய கருத்தைக் கூறினார்.

கண்ணாடி மணிமாலைகளை அவர் உதாரணமாகக் காட்டினார். கண்ணாடியைக் கம்பியாக இழுத்து, மணியளவு துண்டுகளாக நறுக்கி, உலையில் இட்டு உருட்டுவார்கள். நறுக்கும் தொழிலாளி நாள் முழுவதும் ஒரே இடத்தில் அமர்ந்து ஒரே அசைவைச் செய்ய வேண்டும். அவர் கைகள் ஓயாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த வேலையில் சிந்தனைக்கு இடமில்லை. மனிதன் கருவியாகிவிடுகிறான். ஆகவே மணிமாலை வாங்கும் ஒவ்வோர் இளம்பெண்ணும் அடிமை வியாபாரத்தில் பங்குகொள்கிறாள் என்று ரஸ்கின் கடுமையாகவே எழுதினார்.

இதைப் படித்தபோது எங்கள் கைகள் தாமாகவே கழுத்து மணிகளைத் தொட்டுப் பார்த்தன. மிகைப்படுத்திச் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் பொருளை மட்டும் பாராதே, செய்தவனையும் பார் என்ற அவர் அறிவுரையை மறுக்க இயலுமா?

வில்லியம் மாரிஸ்

ரஸ்கினின் நூலை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆர்வத்தோடு படித்த மாணவர் ஒருவர் இருந்தார். அவரே வில்லியம் மாரிஸ். 1834-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். மதகுருவாகும் நோக்கத்துடன் கல்லூரி சென்றார். அங்கே எட்வர்டு பர்ன்-ஜோன்ஸ் என்ற நண்பர் கிடைத்தார். 1855-இல் இருவரும் பிரான்சு நாட்டின் வடபகுதியில் பயணம் செய்து பண்டைய பேராலயங்களைக் கண்டனர். அப்பயணத்தின் முடிவில் இருவரும் கலைக்கே வாழ்வைத் தருவதென்று முடிவு செய்தனர். பர்ன்-ஜோன்ஸ் பெரிய ஓவியரானார். மாரிஸும் சிலகாலம் ஓவியம் தீட்டினார். ஆனால் அவர் உள்ளம் வேறு திசையில் சென்றது.

அக்காலத்தில் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் ஓவியமே உயர்ந்த கலை என்றும், நாற்காலி செய்வதும் துணியில் பூப்போடுவதும் தாழ்ந்த தொழில் என்றும் கருதினர். மாரிஸ் இந்த ஏற்றத்தாழ்வை ஏற்கவில்லை. நாள்தோறும் நாம் தொடுகின்ற கோப்பையும் படுக்கின்ற விரிப்பும் அழகாக இல்லாவிட்டால், சுவரில் மாட்டிய ஓவியம் யாருக்காக என்பது அவர் கேள்வி. பயன்படும் என்று அறிந்ததையோ, அழகானது என்று நம்புவதையோ தவிர வேறெதையும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று 1880-இல் ஒரு சொற்பொழிவில் அறிவுரை கூறினார்.

1859-இல் மாரிஸ், ஜேன் பர்டன் என்னும் பெண்ணை மணந்தார். ஜேன் ஆக்ஸ்போர்டில் குதிரைக் கொட்டிலில் வேலை பார்த்த ஓர் ஏழையின் மகள். இருவருக்காகவும் பிலிப் வெப் என்னும் நண்பர் சிவப்புச் செங்கல்லால் ஒரு வீடு கட்டித் தந்தார். 'சிவப்பு வீடு' என்னும் அவ்வீட்டுக்கு ஏற்ற பொருள்கள் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஆகவே நண்பர்களும் அவர்தம் மனைவியரும் சகோதரியரும் கூடித் தாங்களே செய்யத் தொடங்கினர். ஜேன் இலண்டன் கடை ஒன்றில் அவுரி நீலத்தில் தோய்ந்த கம்பளித் துணியைக் கண்டெடுத்து வாங்கி வந்தார். பழைய தையல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கணவனும் மனைவியும் தையல் முறைகளைக் கற்றனர். அந்த நீலத்துணியில் டெய்சிப் பூக்களைத் தைத்து அறையில் தொங்கவிட்டனர்.

இந்தக் கூட்டு முயற்சியே 1861-இல் ஒரு நிறுவனமாக உருவெடுத்தது. 1875-இல் அது மாரிஸ் கம்பெனி ஆயிற்று. சுவர்த்தாள், சித்திரக் கண்ணாடிச் சாளரம், ஓடு, துணி, தரைவிரிப்பு ஆகியவற்றைச் செய்து விற்றது. ஜேனும் அவர் தங்கை எலிசபெத்தும் பூத்தையல் செய்தனர். கேட் பாக்னர், லூசி பாக்னர் என்ற சகோதரியர் ஓடுகளில் வண்ணம் தீட்டினர். ஆனால் நிறுவனத்தின் பெயர்ப் பலகையில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன.

ஸ்ட்ராபெரித் திருடன்

மாரிஸ் எதையும் தம் கையால் செய்து பார்க்காமல் பிறரைச் செய்யச் சொல்லமாட்டார். 1856-இல் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பின், கடைகளில் கண்ணைப் பறிக்கும் நிறங்கள் நிறைந்தன. அவை விரைவில் வெளுத்தும் போயின. மாரிஸ் பழைய முறையைத் தேடினார். 1875 முதல் லீக் என்னும் ஊரில் தாமஸ் வார்டில் என்பவரின் சாயப்பட்டறைக்குச் சென்று, அவுரி, மஞ்சிட்டி வகை வேர், வெல்டு என்னும் மஞ்சள் செடி ஆகியவற்றைக் கொண்டு சாயம் தோய்த்தார். அந்நாள்களில் அவர் கைகள் முழங்கை வரை நீலமாகவே இருந்தனவாம்.

1881-இல் வாண்டில் ஆற்றங்கரையில் மெர்ட்டன் என்னும் இடத்தில் சொந்தப் பட்டறை அமைத்தார். அங்கே 1883-இல் அச்சிடப்பட்ட துணிதான் 'ஸ்ட்ராபெரித் திருடன்'. மாரிஸின் கிராமத்து வீட்டுத் தோட்டத்தில் ஸ்ட்ராபெரிப் பழங்களை த்ரஷ் பறவைகள் வலைக்கடியில் நுழைந்து திருடித் தின்னும். தோட்டக்காரர் கோபப்படுவார்; மாரிஸோ சிரித்துக்கொண்டே அப்பறவைகளை வரைந்தார்.

இத்துணி செய்யும் முறை பொறுமைக்கு ஒரு பாடம். முதலில் துணி முழுவதையும் அவுரித் தொட்டியில் தோய்ப்பார்கள். தொட்டியிலிருந்து வெளியே வரும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாய் இருக்கும். காற்றுப் பட்டவுடன் கண்முன்னே நீலமாக மாறும். பின்னர் நிறம் நீக்கும் பசையை அச்சுக் கட்டையால் ஒற்றுவார்கள். பசை கடுமையாக இருந்தால் அவ்விடம் வெண்மையாகும். மிதமாக இருந்தால் இளநீலமாகும். அதன்பின் சிவப்பு, அதன்பின் மஞ்சள். நீலத்தின்மேல் மஞ்சள் விழுந்த இடம் இலைப் பச்சையாகும். ஒவ்வொரு நிறத்துக்கும் வெவ்வேறு கட்டை; ஒவ்வொரு முறையும் அலசி உலர்த்த வேண்டும். கட்டை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பறவையின் அலகு ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் போய்விடும். ஒரு துணி முடியப் பல நாள்கள் ஆகும்.

அழகு யாருக்கு?

இங்கேதான் மாரிஸின் வாழ்வில் பெரிய சங்கடம் எழுந்தது. பல நாள் உழைப்பில் உருவாகும் துணி விலை மலிவாக இருக்க முடியுமா? கூலியைக் குறைத்தால் மலிவாகும். ஆனால் உழைப்பவர் வாடுவர். கூலியை ஒழுங்காகக் கொடுத்தால் விலை ஏறும். ஏழை வாங்க முடியாது. எல்லாருக்கும் அழகு வேண்டும் என்று முழங்கிய மாரிஸின் துணிகளைச் செல்வரே வாங்கினர். செல்வரின் ஆடம்பரத்துக்குப் பணிவிடை செய்வதிலேயே தம் வாழ்நாள் கழிகிறதே என்று அவர் மனம் வெதும்பினார். 1883-இல் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து தெருமுனைகளில் பேசினார். அவர் பட்டறையில் வெளிச்சமும் தோட்டமும் ஆறும் இருந்தன என்பது உண்மை. ஆனால் நெய்தவரும் அச்சிட்டவரும் பெரும்பாலும் மாரிஸ் வரைந்ததைத்தான் அப்படியே செய்தனர்.

இன்னொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். அக்காலத்துப் பச்சை வண்ணங்கள் சிலவற்றில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்திருந்தது. மாரிஸின் தொடக்ககாலச் சுவர்த்தாளிலும் அது இருந்ததாகப் பிற்காலச் சோதனைகள் காட்டின. அவர் குடும்பத்துக்குச் செல்வம் தந்த சுரங்கமே செம்பும் ஆர்செனிக்கும் எடுத்த சுரங்கம்தான். 1871 முதல் 1875 வரை அவர் அதன் இயக்குநர்களுள் ஒருவராகவும் இருந்தார். உழைப்பாளருக்காகக் கண்ணீர் விட்டவர் அந்தச் சுரங்கத் தொழிலாளரை ஏன் நினைக்கவில்லை? பெரியவர்களிடமும் ஒரு குருட்டுப் பக்கம் இருக்கும் என்பதை இதிலிருந்து கற்கிறோம். அவரைக் குறை கூறுவதற்கு முன் நாமும் நம் வீட்டைப் பார்க்க வேண்டும்.

எங்களுள் ஒருத்தியின் தாயார் இரவு பத்து மணிக்கு மேல் விளக்கடியில் அமர்ந்து புடவைகளுக்குப் பூவேலை செய்து கொடுக்கிறார். புடவைக்கு இவ்வளவு என்று கூலி. அந்தப் புடவை கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது; வாங்கி உடுத்துபவருக்கு அவரைத் தெரியாது. ஸ்ட்ராபெரித் திருடனைப் பற்றி இத்தோழியிடம் சொன்னபோது, "பறவைக்குப் பெயர் இருக்கிறது, அச்சடித்த ஆளுக்குப் பெயர் இல்லையா?" என்று கேட்டாள். எங்களுக்குப் பதில் வரவில்லை.

மகள் மே

மாரிஸின் இளைய மகள் மே 1862-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் பிறந்தார். மங்கள வார்த்தைத் திருநாள் அது. தாயிடமும் சித்தியிடமும் ஊசி பிடிக்கக் கற்று, பின்னர்க் கலைப் பள்ளியில் பயின்றார். 1885-இல், இருபத்து மூன்றாம் வயதில், மாரிஸ் கம்பெனியின் பூத்தையல் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். வரைவது, நூல் தேர்வது, தையற்பெண்களைப் பழக்குவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பாயின. 1883-இல் அவர் வரைந்த 'ஹனிசக்கிள்' என்னும் கொடிப்பூச் சுவர்த்தாள் புகழ்பெற்றது. ஆனால் மகள் வரைந்த வடிவங்கள் பலவற்றைப் பல காலம் தந்தையின் வேலை என்றே மக்கள் எண்ணிவந்தனர்.

1893-இல் மே பூத்தையல் பற்றி ஒரு நூல் எழுதினார். இலண்டனின் மையக் கலைத்தொழில் பள்ளியில் பூத்தையல் கற்பித்தார். 1884-இல் தொடங்கிய கலைத்தொழிலாளர் சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. மே புலம்பிக்கொண்டிருக்கவில்லை, 1907-இல் தோழியருடன் சேர்ந்து பெண்களுக்கெனத் தனிக் கலைச் சங்கம் ஒன்றை நிறுவினார். தந்தையின் எழுத்துகளை இருபத்து நான்கு தொகுதிகளாகப் பதிப்பித்தவரும் அவரே. 1938-இல் மறைந்தார். 2017-இல் இலண்டனில் மாரிஸ் பிறந்த வால்தம்ஸ்டோவில் உள்ள காட்சிக்கூடத்தில் மேயின் கலைக்கென்றே பெரிய கண்காட்சி நடைபெற்றது. அவருக்குரிய இடத்தை உலகம் தரத் தொடங்கிவிட்டது என்பது மகிழ்ச்சி தருகிறது.

மேயிடம் 1888 முதல் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர் லில்லி யேட்ஸ். இவர் ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் சகோதரி. பின்னர் அயர்லாந்து திரும்பி, 1902-இல் டப்ளின் அருகே தோழி ஒருவரும் தம் தங்கையும் நடத்திய டன் எமர் என்னும் பெண்கள் தொழிற்கூடத்தில் பூத்தையல் கற்பித்தார். லோக்ரே என்ற ஊரின் கத்தோலிக்கப் பேராலயத்துக்கு அவர்கள் ஐரிஷ் புனிதர்களின் உருவங்களைத் தைத்த கொடிகளைச் செய்து தந்தனர். மெர்ட்டனிலும் இலண்டனிலும் பழகிய ஊசி இவ்வாறு ஆலயப் பணிக்கும் வந்து சேர்ந்தது.

இக்கலைஞர்கள் செய்த ஒரு நற்செயலை இங்குக் குறிப்பிட்டே ஆகவேண்டும். 1888-இல் இலண்டனில் கலைத்தொழில் கண்காட்சிச் சங்கம் தன் முதல் கண்காட்சியை நடத்தியது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் வரைந்தவர் பெயரையும் செய்தவர் பெயரையும் தெரிவிக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். கம்பெனியின் பெயர் மட்டும் போதாது. தச்சர், தையற்பெண், ஓடு தீட்டியவர் அனைவருக்கும் பெயர் உண்டு. எங்கள் தோழியின் கேள்விக்கு நாங்கள் கண்ட விடை இதுவே.

ஓர் அச்சுப்பொறியின் பயணம்

மாரிஸ் தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் நூல்களை அழகாக அச்சிட விரும்பினார். 1891-இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். கையால் இயக்கும் அச்சுப்பொறியில், கையால் செய்த தாளில், தாமே வரைந்த எழுத்துகளால் அச்சிட்டார். 1896-இல் வெளிவந்த சாசர் கவிதை நூலில் பர்ன்-ஜோன்ஸ் வரைந்த 87 படங்கள் இடம்பெற்றன. அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் மாரிஸ் காலமானார்.

அவர் போனபின் அந்த அச்சுப்பொறி என்ன ஆயிற்று? ஆஷ்பீ என்னும் கலைஞரின் கூடத்துக்குச் சென்று, அங்கிருந்து ஒரு தமிழ் மகனிடம் வந்து சேர்ந்தது! கொழும்பில் 1877-இல் சர் முத்து குமாரசாமிக்கும் அவர் ஆங்கில மனைவிக்கும் பிறந்த ஆனந்த குமாரசாமியே அவர். இலங்கையில் நிலவியல் ஆய்வு செய்யச் சென்றவர், அங்கே கைத்தொழிலாளரின் கலை அழிந்துவருவதைக் கண்டு நெஞ்சம் நைந்தார். இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி, இங்கிலாந்தில் தம் இல்லத்தில் வைத்திருந்த அந்த அச்சகத்திலேயே 1908-இல் வெளியிட்டார். சாசர் நூல் பிறந்த அதே பொறியில், கண்டி நாட்டுத் தட்டாரும் தச்சரும் நெசவாளரும் பற்றிய நூல் பிறந்தது. அந்நூலுக்கு நிழற்படங்கள் எடுத்தவர் அவர் மனைவி எத்தல். இவர் பின்னாளில் எத்தல் மேரெ என்ற பெயரில் நெசவிலும் இயற்கைச் சாயத்திலும் புகழ்பெற்றார்.

முடிவுரை

இவற்றையெல்லாம் படித்த பின்னர் நாங்கள் மீண்டும் தையல் வகுப்புச் சகோதரியிடம் சென்றோம். இப்போது நாங்கள் சிற்றாலயத்துக்கு ஒரு புதிய பீட விரிப்புத் தைத்துவருகிறோம். அதன் ஓரத்தில் எங்கள் பெயர்களைத் தைக்கலாமா என்று கேட்டோம்.

சகோதரி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஆண்டவருக்குச் செய்யும் வேலைக்குப் பெயர் எதற்கு? யார் செய்தார்கள் என்று அவருக்குத் தெரியாதா?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. இரண்டு நாள் அதைப்பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி எங்கள் எண்ணத்தைச் சொன்னோம். "சிஸ்டர், தன் பெயரைத் தானே மறைத்துக்கொள்வது தாழ்ச்சி. ஆனால் தைத்துக் கொடுத்தவர்களின் பெயரை நாங்கள் மறந்துபோவது தாழ்ச்சி ஆகுமா? அது நன்றி மறப்பது ஆகாதா?"

சகோதரி எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. அலமாரியைத் திறந்து, அட்டை போட்ட புதிய குறிப்பேடு ஒன்றை எடுத்துத் தந்தார். "துணியில் வேண்டாம். இதில் எழுதுங்கள். ஒருவரையும் விட்டுவிடாதீர்கள்" என்றார்.

ஆகவே எழுதினோம். காம்புத் தையல் போட்டவர்கள், சங்கிலித் தையல் போட்டவர்கள், வரைபடம் ஒற்றியவர், ஓரம் மடித்தவர், நூல் சிக்கெடுத்துத் தந்த ஆறாம் வகுப்புச் சிறுமிகள் இருவர், துணியை இரண்டு முறை துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்த அக்கா ஆகிய எல்லார் பெயரும் அதில் உண்டு. பூவேலை செய்யும் எங்கள் தோழியின் தாயார் ஒரு சனிக்கிழமை வந்து, இலை நரம்பு எப்படிப் போட வேண்டும் என்று கற்றுத் தந்தார். அவர் பெயரை எழுதும்போது, "என் பேர் எதுக்கும்மா?" என்று கூச்சப்பட்டார். பிறகு எழுத்து சரியாக இருக்கிறதா என்று அவரே குனிந்து பார்த்தார்.

மாரிஸ் எழுப்பிய பெரிய கேள்விகளுக்கு எங்களிடம் விடை இல்லை. எல்லாருக்கும் அழகும் எல்லாருக்கும் நல்ல கூலியும் ஒருங்கே கிடைப்பது எப்படி என்பதை எங்களைவிடப் பெரியவர்கள்தாம் கண்டறிய வேண்டும். நாங்கள் வளர்ந்த பின் எங்களால் இயன்றதைச் செய்வோம். ஆனால் ஒரு துணியை வாங்கும்போது, ஒரு கோப்பையை எடுக்கும்போது, இதைச் செய்தவர் யார் என்று ஒரு கணம் கேட்பது பதினைந்து வயதிலும் முடியும்.

இம்மலரைப் படிக்கும் தாய்மார்களே, பாட்டிமார்களே! திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும் போட்ட அந்தப் பழைய பீட விரிப்பை உங்களுள் யாரேனும் தைத்திருக்கலாம். அல்லது தைத்தவரை அறிந்திருக்கலாம். அன்புகூர்ந்து பள்ளிக்குத் தெரிவியுங்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தை அவர்களுக்காகவே வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு